குலமண்ணைக்கு வைத்த சிவப்புப் பியர்

1

குலமண்ணை இறந்து எட்டாம் நாள், அவர் தன் வாழ்நாளில் விரும்பித் தொட்டறியாத ஒரு போத்தலை அவருடைய படத்துக்கு முன்னால் வைத்தவன் நான். யாரும் என் கையில் அதைத் திணிக்கவில்லை. நானே தெரிவு செய்து, நானே காரோட்டிப் போய், நானே வாங்கி வந்தேன். இந்த மாசியோடு அதற்கு ஒரு வருடம்.

ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்கு எட்டுச் செலவு என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. விசா கிடைத்த பின் பிறந்த பிள்ளைகளுக்காக ஒரு வரி: செத்தவருக்குப் பிடித்த கறிபுளி எல்லாவற்றையும் சமைத்து, சுருட்டுக்காரர் என்றால் சுருட்டும், குடிகாரர் என்றால் குடியும் சேர்த்து இலையில் படைத்துவிடுவோம். ஊரில் அதில் ஒரு பங்கைச் சந்தியில் கொண்டுபோய் வைப்பார்கள். மொன்றியலில் சந்தியில் வைத்தால் நகரசபை தண்டக் காகிதம் அனுப்பும் என்பதால் வீட்டுப் பின்வளவில் பனிக்குள் குழி தோண்டி வைத்தோம். அணில்கள் ஆட்டுக்கறி தின்னுமா என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. தின்னும்.

குலமண்ணை எனக்கு உறவுக்காரர் இல்லை. எங்கள் ஊரில் இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தவர். எனக்கு நான்கு வருடம் முன்னதாக இங்கே வந்து, நகர மத்தியில் ஓர் ஐரிஷ் பப்பில் சமையல்காரராகி, என்னையும் அதற்குள் இழுத்துவிட்டவர். வீட்டு வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாராம்; எழும்பவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு படிவத்தில் ‘உறவுமுறை’ என்ற கட்டத்தைக் காட்டினார்கள். சகோதரன் என்று எழுதினேன். இரண்டு குடும்பப் பெயரையும் மாறி மாறிப் பார்த்த அந்தப் பெண்மணி ஒன்றும் கேட்கவில்லை. இருபது வருடத்தில் கியூபெக் என் படிவம் ஒன்றைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டது அன்றைக்குத்தான். எனக்கு அழுகை வரவில்லை. காரை எங்கே நிறுத்தினேன் என்பதை மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

எட்டன்று காலை அவருடைய மனைவி தவமக்கா குசினி வாசலில் நின்று கேட்டா.

“ராசன், அவர் என்ன குடிக்கிறவர்? நீர்தானே கூட நிண்டனீர். என்னட்டை ஒளிச்சு ஒளிச்சுக் குடிச்ச மனிசன், எனக்கென்ன தெரியும்?”

பக்கத்தில் அவவின் தமையனார் நின்றார். டொரோன்டோவிலிருந்து இரண்டு வான் நிறைய ஆட்களோடு வந்தவர். கறுத்தக் கோட்டுக்குள் கைவிட்டபடி, “தம்பி, நாலு பேர் வந்து பாக்கிற இடம். மரியாதையான சாமானா வையும்” என்றார்.

எங்கள் ஆட்களிடம் பியர் என்பது குடிவகையில் சேர்த்தியில்லை. புல்லு வெட்டிய களைப்புக்குக் குடிக்கிற சோடா. ஒரு மனிதனின் எட்டில் பியர் வைப்பது, அவன் பெரிதாக ஒன்றும் வாழவில்லை என்று சபைக்கு அறிவிப்பதற்குச் சமம்.

“விஸ்கி, அக்கா” என்றேன்.

படைத்து முடிந்ததும் ஆண்கள் அந்தப் போத்தலைப் பத்து நிமிடத்தில் முடித்தார்கள். இறந்தவருக்கு மிகவும் நெருங்கியவன் என்று முதல் கிளாஸை எனக்குத் தந்தார்கள். குடித்தேன். நல்ல விஸ்கிதான்.

2

அவர் குடித்தது சிவப்பு நிறத்தில் ஓர் ஐரிஷ் ஏல். ஏல் என்பதும் பியர்தான். ஆனால் எங்கள் முதலாளி பற்றிக்கின் முன்னால் அப்படிச் சொன்னால், வாய்க்கால்தானே ஆறு என்று சொன்னவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். பெயரை எழுதினால் விளம்பரமாகிவிடும். கம்பெனிக்காரர் எனக்கு ஏற்கெனவே ஒரு டீசேட் தந்திருக்கிறார்கள். அதற்குமேல் நான் கடமைப்படக்கூடாது. ஆகவே ‘சிவப்பு’ என்றே வைத்துக்கொள்வோம்.

ஐரிஷ்காரன் என்றால் கறுப்புப் பியர் குடிப்பவன் என்று உலகம் முழுவதும் ஒரு எண்ணம். எங்கள் பப்புக்கு வரும் சுற்றுலாக்காரரும் கறுப்பைத்தான் கேட்பார்கள், அதனோடு படம் எடுப்பார்கள், அரைவாசியை மேசையில் விட்டுவிட்டுப் போவார்கள். சிவப்பைக் கேட்பவர்கள் வேறு சாதி. தொப்பி போட்ட கிழவர்கள். முந்தி கால்வாய்ப் பக்கத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள். பகல் இரண்டு மணிக்கு வந்து, ஒரு கிளாஸை இரண்டு மணித்தியாலம் வைத்திருந்து, குதிரைப் பந்தயத்தையும் முழங்கால் வலியையும் கதைத்துவிட்டுப் போவார்கள். வெளியே அதற்குக் ‘கிழவர் பியர்’ என்றுதான் பெயர். போத்தல் லேபலில் ஓர் இடிந்த மடாலயம் வேறு இருந்தது. இடிந்த கட்டடத்தைப் படமாகப் போட்டுச் சாமான் விற்கும் துணிவு யாருக்கு வரும் என்று நான் யோசித்ததுண்டு.

முதல் நாள் குலமண்ணை எனக்கு அதை வார்த்துத் தந்தார். அதிகம் குளிரில்லை. மேலே மெல்லிசாக ஒரு நுரை. கருக வறுத்த ஒரு கைப்பு.

“அண்ணை, இது மல்லித் தண்ணியெல்லோ” என்றேன். “தடிமனுக்கு அம்மா தாறது. சீனி போடாமல் ஆறவைச்சுத் தந்திருக்கினம்.”

“விசரா, உனக்கு நாக்கு வளரேல்லை” என்றார். “குடிச்சுப் பழகு. ரெண்டு மாசத்திலை நீயே கேப்பாய்.”

நான் இரண்டு மாதத்தில் சமையலறையிலிருந்து பாருக்கு மாற்றப்பட்டேன். என் பிரெஞ்சு சமையலறைப் பிரெஞ்சு. காய்கறிப் பெயர்களும் கெட்ட வார்த்தைகளும் மட்டும். அதை வைத்துக்கொண்டு பாரில் இருபது வருடம் தாக்குப்பிடித்தேன். காய்கறிகள்தான் அவ்வளவாகத் தேவைப்படவில்லை.

குலமண்ணை மத்தியானச் சமையல் முடித்து நான்கு மணிக்கு ஏப்ரனைக் கழற்றுவார். வேலைக்காரருக்கு நாளுக்கு ஒரு கிளாஸ் என்பது பற்றிக்கின் ஏற்பாடு. அவர் தன் கிளாஸோடு கோப்பை கழுவும் மெஷின் பக்கமாக நின்று, பொக்கற்றிலிருந்து ஈயத்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுப்பார். மூன்று மோர்மிளகாய். வீட்டில் தவமக்கா பொரித்துக் கொடுப்பது. ஒரு கடி, ஒரு மிடறு. மூன்றாவது மிளகாயும் கடைசி மிடறும் ஒன்றாக முடியும்; ஒருநாளும் பிந்தியதில்லை, முந்தியதில்லை. பாரில் எப்போதும் ஓரத்துக் கதிரையில் இருக்கும் ஜெரி கிழவர் ஒருநாள் ஒன்றைக் கேட்டு வாங்கிக் கடித்துவிட்டு, கண்ணில் நீர் வழிய, தன் மனைவி போனபிறகு இப்படி அழுதது இதுதான் முதல்முறை என்றார்.

3

பப்புகளில் புகைக்கக் கூடாதென்று சட்டம் வந்த பிறகு பற்றிக் சுவருக்கெல்லாம் புதுப் பெயின்ற் அடித்தார். அதற்குப் பின்னால் சிவப்புக் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். மூன்று இளைஞர்கள், ஒரு பெண், ஒரு புரொஜெக்டர்.

இனிமேல் சிவப்பு கிழவர் பியர் இல்லையாம். மடாலயத்தை எடுத்துவிட்டார்கள். லேபல் கறுப்பு, நடுவில் ஒற்றை எழுத்து, கராஜ் நம்பர்போல. கிளாஸுக்கு இடுப்பு வைத்திருந்தார்கள். குழாயின் கைப்பிடி ஒரு முழம் உயர்ந்து, உள்ளே நீல வெளிச்சம் எரிந்தது. கைப்புக் குறைந்துவிட்டது. குளிர் கூடிவிட்டது. மேலே பால் பொங்கினாற்போல் தடிப்பாக ஒரு நுரை. அதை வார்க்க ஒரு முறை இருக்கிறதென்று பன்னிரண்டு வருடமாக அதையே வார்த்த எனக்கு அரை நாள் வகுப்பு எடுத்தார்கள். கிளாஸை எவ்வளவு சரிப்பது, எத்தனை விநாடி பொறுப்பது, வாடிக்கையாளரின் கண்ணை எப்போது பார்ப்பது. கடைசியில் ஒரு சோதனை. சான்றிதழும் தந்தார்கள். பிரேம் போட்டு வீட்டு ஹோலில் மாட்டினேன். மகன் பார்த்தான்.

“அப்பா, இதுதான் உங்கடை முதல் டிப்ளோமாவா?” என்று பிரெஞ்சில் கேட்டான். தமிழில் கேட்டிருந்தால் கோபம் வந்திருக்கும். பிரெஞ்சில் எனக்குக் கோபப்பட வராது. பொருத்தமான சொற்கள் எல்லாம் பிள்ளைகளுக்கு முன்னால் சொல்லக்கூடாதவை.

இரண்டு மாதத்தில் பாரின் முகம் மாறியது. ஐந்து மணிக்குக் கந்தோர் விட்டு வரும் இளம்பிள்ளைகள், கழுத்தில் அடையாள அட்டையோடு, ஆண் பெண் என்று இல்லாமல் சிவப்பைக் கேட்டார்கள். சிவப்பு கையில் இருப்பது ஏதோ புத்தியான காரியமாகிவிட்டது. கிழவர்கள் ஒரு கிழமை பொறுத்துப் பார்த்தார்கள். பல்லுக் கூசுகிறது என்றார்கள். பிறகு ஒவ்வொருவராக வரவைக் குறைத்தார்கள். ஜெரி கடைசியாகப் போனார். கதிரைக்கு ஒரு தட்டுத் தட்டிவிட்டு, “ராஜ், இதற்கு இப்போது ஷேவ் எடுத்துவிட்டிருக்கிறார்கள்” என்று கிளாஸைக் காட்டிச் சொன்னார்.

இருந்த காலம் முழுவதும் அதை மல்லித் தண்ணி என்று பழித்தவன் நான். அது போன மறுநாளிலிருந்து அதற்காக வாதாட வெளிக்கிட்டதும் நான்தான். வருகிற போகிற எல்லாருக்கும் பழைய சிவப்பின் மகிமையைச் சொன்னேன். அப்படிச் சொல்லும்போது ஒரு பெருமை வரும். எதையோ முதலிலிருந்தே அறிந்து வைத்திருந்தவன்போல. நான்கு மணிக்கு குலமண்ணை வந்தால் அவரிடமும் தொடங்குவேன்.

“என்னண்ணை, கெடுத்துப் போட்டாங்கள், என்ன?”

“ஓமோம். கெடுத்துத்தான் போட்டாங்கள்.”

“வாய்க்கு ஒரு பிடிப்பில்லை.”

“ஒண்டும் இல்லை” என்பார். மேலுதட்டு நுரையைப் புறங்கையால் துடைத்துவிட்டு, கிளாஸைத் தலைகீழாகப் பிடித்து அடிச்சொட்டையும் எடுப்பார். என்ன துக்கம் இந்த மனிதருக்கு என்று எனக்கு நெஞ்சு கனக்கும்.

4

தை மாதம் பற்றிக் சமையலறையை இடித்துக் கட்டினார். ஆட்களின் பெட்டிகளை ஒழித்தபோது குலமண்ணையின் பெட்டியும் திறபட்டது. ஒரு ஏப்ரன், மடாலயம் அச்சடித்த பழைய கிளாஸ் ஒன்று, ஈயத்தாள் பொட்டலம் ஒன்று. உள்ளே மூன்று மோர்மிளகாய், பதினொரு மாதப் பழசு. எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, வீட்டில் கொடுத்துவிடு என்றார்.

தவமக்காவின் வீடு பியர்பொன்ட்ஸில். வீடு வாங்கிய காலத்தில், பெயரிலேயே பியர் இருக்கிற இடத்தில் வாங்கிப்போட்டு நெடுக ஒளித்துக் குடிக்கிறாரே என்று அவரை நான் பகிடி பண்ணியிருக்கிறேன். மெட்ரோவால் இறங்கி பஸ்ஸில் போனால் ஒரு நித்திரை கொண்டு எழும்பலாம். பையை மேசையில் வைத்தேன். அவ ஏப்ரனை மடித்து ஒரு பக்கம் வைத்தா. பொட்டலத்தைப் பிரித்து ஒரு மிளகாயை விரலால் புரட்டினா.

“சோத்துக்கு எண்டு நினைச்செல்லோ குடுத்தனான்.”



கிளாஸை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தா. “இதென்ன ராசன், விஸ்கிக் கிளாஸோ?”

பொய் சொல்லத் தெரியாதவன் இல்லை நான். வருமான வரிக்காரனிடமும் பள்ளிக்கூட ஆசிரியையிடமும் சரளமாகச் சொல்லுவேன். அன்றைக்கு வாய் வரவில்லை.

“இல்லை அக்கா. பியர். சிவப்புப் பியர் ஒண்டு. அவர் அதைத்தான் குடிக்கிறவர், ஒரு நாளைக்கு ஒண்டு. முந்தி இந்தப் படம் போட்டு வந்தது, இப்ப எல்லாத்தையும் புதுசா மாத்திப் போட்டாங்கள். விஸ்கி அவருக்கு மணக்கவே ஏலாது.”

“பேந்தேன் அண்டைக்கு விஸ்கி எண்டனீர்?”

“உங்கடை அண்ணர் பக்கத்திலை நிண்டார்.”

அவ கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். எழும்பிப் போய் கேத்திலில் தண்ணீர் வைத்தா. முதுகைக் காட்டிக்கொண்டே கதைத்தா.

“அந்த மனிசன் உயிரோடை இருக்கேக்கை அதைக் குடிச்சு வந்த நாளெல்லாம் நான் முகம் திருப்பினனான். பியரோ விஸ்கியோ எண்டுகூட ஒருநாளும் கேட்டதில்லை. எட்டுக்காவது அவருக்கு வேணுமானதை வைப்பம் எண்டு நினைச்சன். அதையும் நீங்கள் சபைக்கு வைச்சியள், அவருக்கு வைக்கேல்லை.”

தேத்தண்ணி வந்தது. சீனி போடவில்லை. மறந்தாவோ, மறக்கவில்லையோ.

“வருசம் முடியிற ஆட்டைத் திவசம் கோயிலிலை. அது ஐயற்றை அலுவல். மற்ற நாள் வீட்டிலை மீன் இறைச்சி எண்டு மச்சம் காய்ச்சிப் படைக்கப் போறன். ஆரையும் கூப்பிடேல்லை. நீர் அவரின்ரை சாமானைக் கொண்டு வாரும். உந்தப் புதுசில்லை. உந்தக் கிளாஸிலை இருக்கிற படம் போட்டது. கொண்டு வராட்டி நீரும் வரவேண்டாம்.”

5

பழைய சிவப்பைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள் என்று பற்றிக் சொன்னார். எதற்கும் இறக்குமதி செய்யும் நிறுவனத்தைக் கேட்டுப்பார் என்று ஒரு நம்பர் தந்தார். பிரெஞ்சுக்கு ஒன்றை அழுத்து, ஆங்கிலத்துக்கு இரண்டை அழுத்து என்று ஒரு குரல். இரண்டை அழுத்தினேன். கால்மணிநேரப் புல்லாங்குழலுக்குப் பிறகு பிரெஞ்சில் ஒரு பெண் வந்தாள்.

பழைய சிவப்பு ஒரு போத்தல் வேண்டும், இறந்துபோன ஒருவருக்காக, என்று விளக்கினேன்.

இறந்தவர் எங்கள் தயாரிப்பை அருந்துபவரா என்று கேட்டாள்.

ஓம், நாள் தவறாமல் அருந்தியவர் என்றேன்.

தயவுசெய்து லைனில் நில்லுங்கள் என்றாள். மறுபடி புல்லாங்குழல். அடுத்து வந்தது ஒரு ஆண் குரல், மிகவும் மரியாதையானது, மிகவும் மெதுவானது. என் பெயர், இறந்தவர் பெயர், அவருக்கு நான் என்ன முறை.

“சகோதரன்” என்றேன். படிவத்தில் எழுதியாயிற்று, இனி மாற்ற முடியாது.

கடைசியாக எப்போது அருந்தினார்?

முதல் நாள் நான்கு மணிக்கு.

அதன்பின் ஏதும் அசௌகரியம் தெரிவித்தாரா?

“இல்லை. அடுத்த நாள் பனி தள்ளினவர்.”

குடும்பத்துக்கு வழக்கறிஞர் இருக்கிறாரா என்று அவர் கேட்டபோதுதான் என் தமிழ் மூளைக்கு விஷயம் பிடிபட்டது. பதறிப்போய், அவரைக் கொன்றது பியர் இல்லை, பனி என்று சொன்னேன். இறந்தவருக்குப் பிடித்ததை இலையில் வைப்பது எங்கள் வழக்கம் என்றும், இலையென்றால் வாழையிலை என்றும், அது பாக் அவெனியூப் பக்கம் கிடைக்கும் என்றும் சொன்னேன். அந்த மனிதர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார் என்றே நினைக்கிறேன். கொம்பியூட்டர் தட்டும் சத்தம் கேட்டது. பத்து நாளில் ஒரு பார்சல் வந்தது. இரண்டு மொழியிலும் ஓர் அனுதாபக் கடிதம். கூடவே புது எழுத்து அச்சடித்த ஒரு டீசேட். அதை இப்போது என் மகன் போட்டுக்கொண்டு திரிகிறான். அவனுடைய சிநேகிதர்களிடம் அதற்கு மதிப்பாம்.

திவசத்துக்கு நான்கு நாள் இருக்கையில் ஜெரியின் ஞாபகம் வந்தது. பற்றிக்கிடம் விலாசம் வாங்கிக்கொண்டு போனேன். இரண்டாம் மாடி, வளைந்த இரும்புப் படி, படி முழுக்க ஐஸ். ஜெரி முகச்சவரம் செய்திருந்தார். டாக்டர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாராம், தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

பழைய சிவப்பு ஒரு போத்தல் மிச்சமிருக்கிறதா என்று கேட்டேன். “யாருக்கு?” என்றார்.

“எங்கள் குக். குலம். போன மாசி காலமானவர்.”

“எனக்கு நெருப்பு மிளகாய் தந்த மனிதர்?” என்றார். போய் இரண்டு போத்தலோடு வந்தார். மடாலயத்தில் தூசி படிந்திருந்தது. ஒன்றை என்னிடம் தந்தார், மற்றதைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். திருப்பிப் பார்த்தேன். திகதி முடிந்து கனகாலம்.

“அது உயிரோடிருக்கிறவர்களுக்குப் போட்டது” என்றார் ஜெரி.

போத்தலை ஜக்கெற்றுக்குள் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் பிடியைப் பிடித்துப் பின்பக்கமாக அந்தப் படியில் இறங்கினேன். வழுக்கினால் போத்தல் உடைந்துவிடும் என்பதுதான் பயம். கூடவே எனக்கும் ஏதாவது உடையும் என்பது கடைசிப் படியில்தான் உறைத்தது.

6

ஞாயிறு பின்னேரம். நண்டுக்கறி, இறால் பொரியல், ஆட்டுக்கறி, ஒரு சின்னத் தட்டில் மூன்று மோர்மிளகாய். தவமக்கா சொன்னதுபோல யாரையும் அழைக்கவில்லை. அவ, நான், பிந்தி வந்து சேர்ந்த ஷாமினி. ஷாமினி அவர்களின் ஒரே பிள்ளை. நகர மத்தியில் ஒரு விளம்பரக் கந்தோரில் வேலை. பிரெஞ்சில் யோசித்து, ஆங்கிலத்தில் கோபித்து, சாப்பாட்டுக்கு மட்டும் தமிழுக்கு வருகிற பிள்ளை. நான் அவளுக்கு ராசன் மாமா.

போத்தலைப் பழைய கிளாஸின் பக்கத்தில் வைத்தேன். நான் எதிர்பார்த்த பாராட்டு தவமக்காவிடமிருந்து வந்தது: “ம்.”

ஷாமினி முதுகுப்பையைக் கழற்றாமலேயே நின்று பார்த்தாள்.

“மாமா, இது எங்கை எடுத்தனீங்கள்?”

படிக்கட்டுக் கதையைத் தொடங்கினேன். அவள் நடுவில் வெட்டினாள்.

“அப்பாக்கு இது விருப்பமில்லை.”

“பிள்ளை, உனக்கென்ன தெரியும்? பன்னிரண்டு வருசம் என்ரை கையாலை வாத்துக் குடுத்தனான்.”

“அப்ப குடிச்சவர். அப்ப வேறை இல்லை. புதுசு வந்த பிறகு அவருக்குப் புதுசுதான் விருப்பம். பழசு மல்லித் தண்ணி மாதிரி எண்டு சொன்னவர்.”

வீட்டில் ஹீற்றர் ஒருமுறை சத்தம் போட்டு ஓய்ந்தது.

“உனக்கு எப்ப சொன்னவர்?” என்று கேட்டது தவமக்கா.

ஷாமினி தரையைப் பார்த்தாள். பிறகு, சொல்லத்தானே வேண்டும் என்பதுபோல நிமிர்ந்தாள். “வியாழக்கிழமையளிலை. வேலை முடிய, என்ரை ஒஃபிசுக்குக் கீழை ஒரு பார் இருக்கு. அப்பா வருவார். ஆளுக்கு ஒண்டு. ரெண்டு வருசம்.”

“வியாழக்கிழமை அவருக்கு ஓவர்டைம்.”

“இல்லையம்மா.”

“உனக்கு ஜிம்.”

“அதுவும் இல்லை.”

நான் குறுக்கே விழுந்தேன். எனக்கு என் வழக்குத்தான் பெரிது. “என்னோடை நிண்டு கெடுத்துப் போட்டாங்கள் எண்டு சொன்னவரே! ஒவ்வொரு நாளும் சொன்னவர்.”

“உங்களுக்காகத்தான் மாமா. ராசன் பழசு பழசு எண்டு அழுறான், அவனுக்கு நான் புதுசு நல்லதெண்டு சொன்னா மனம் நோகும் எண்டு சொல்லுவார். சொல்லிப்போட்டுச் சிரிப்பார்.” கொஞ்சம் நிறுத்தி, “எட்டிலை நீங்கள் விஸ்கி வைக்கேக்கையும் எனக்குத் தெரியும். வாய் திறந்தா, உனக்கு எப்பிடித் தெரியும் எண்டு அம்மா கேப்பா” என்றாள்.

முதுகுப்பையைக் கழற்றினாள். உள்ளேயிருந்து ஒரு தகரப் பியர்க் கலனை எடுத்தாள். கறுப்பு. நடுவில் ஒற்றை எழுத்து. “நீங்கள் போய், அம்மாவும் படுத்த பிறகு நான் தனிய வைப்பம் எண்டு கொண்டு வந்தனான்.”

தவமக்கா கதிரையில் இருந்தா. படத்தைப் பார்த்தா, பிள்ளையைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. இரண்டு வருட வியாழக்கிழமைகளையும் அவ மனதில் ஒவ்வொன்றாகப் புரட்டுகிறா என்று பட்டது. அப்படியே எழும்பி அறைக்குள் போய்விடுவாவோ என்று பயந்தேன். அப்படிப் போனால் இந்த வீட்டுக்கு நான் இனி எந்த முகத்தோடு வருவது?

“அந்தாள் உன்னோடை என்ன கதைக்கிறவர்?”

“சும்மா. என்ரை வேலை. ஊர். உங்களைப் பற்றி.”

“என்னைப் பற்றி என்ன?”

“மிளகாய் பொரிக்க உங்களை மாதிரி ஆருக்கும் தெரியாதாம்.”

தவமக்கா மூக்கை உறிஞ்சினா. “ரெண்டையும் வையுங்கோ” என்றா.

ஒரு கிளாஸ்தான் இருந்தது. அலுமாரியிலிருந்து மற்றதுக்குப் பால் கப் ஒன்று எடுத்தோம். பழையதை நான் வார்த்தேன். நுரை வரவே இல்லை. புதியதை ஷாமினி வார்த்தாள். சரிவு பிழை, பொறுக்கவேண்டிய விநாடியும் பொறுக்கவில்லை. சான்றிதழ் உள்ளவன் பக்கத்தில் நின்றும் ஒன்றும் சொல்லவில்லை. கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டோம். புகைக்கு அலாரம் கத்தியது. நான் கதிரையில் ஏறி பற்றரியைக் கழற்றும்வரை குலமண்ணை பொறுத்துக்கொண்டு படத்துக்குள் இருந்தார்.

படைத்ததைப் பகிர வேண்டும். கறிகளைப் போட்டுக்கொண்டோம். போத்தல் பக்கம் நான் கை நீட்டியபோது தவமக்கா, “இஞ்சை தாரும்” என்றா. “அப்பிடி என்னதான் கிடக்கெண்டு பாப்பம்.”

பழைய கிளாஸை இரண்டு கையாலும் பிடித்து ஒரு மிடறு விழுங்கினா. முகத்தில் ஒன்றும் ஓடவில்லை. ஒரு மோர்மிளகாயை எடுத்துக் கடித்தா.

“மல்லித் தண்ணிதான்” என்றா. “இதுக்கோ நான் இவ்வளவு காலம் முகம் திருப்பினனான்?”

பிறகு பால் கப்பை எடுத்தா. மேலுதட்டில் வெள்ளையாக நுரை ஒட்டியது. புறங்கையால் துடைத்தா, அவர் துடைப்பதுபோலவே.

“இதுக்குள்ளை மல்லியே போடேல்லை” என்றா.

ஷாமினிதான் முதலில் சிரித்தாள். பிறகு தவமக்கா சிரித்தா. சிரித்துக்கொண்டே சீலைத் தலைப்பைக் கண்ணில் வைத்தா, தலைப்பை எடுக்கவே இல்லை. ஷாமினி போய் அவவின் தோளில் முகத்தை வைத்தாள். நான் மேசையின் மறுபக்கத்தில் அந்தக் கலனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடியில் ஒரு மிடறு மிச்சம் இருந்தது. குடித்தேன். மெத்தென்று, குளிராக, ஒரு கைப்பும் இல்லாமல் இறங்கியது. நல்லாகத்தான் இருந்தது, அண்ணை.

விரல்கள் சில்லிட்டன. ஒரு வருடத்துக்குப் பிறகு அந்த நேரத்தில்தான் எனக்குள் எதையோ உணர்ந்தேன் என்று எழுத விருப்பம். ஆனால் கலன் பனிக்குள்ளால் நடந்து வந்தது. அதனால்தான் குளிர்ந்தது.